குன்றல் பகுப்பில் தன் ஜோடி எது என்று குரோமோசோமுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்விக்குறி:

விந்தும் முட்டையும் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பை (மியாசிஸ்) மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லெப்டோட்டீன், ஜைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று அதன் தொடக்கக் கட்டங்கள் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஜைகோட்டீன் வந்ததும் ஒரே ஒரு வரி: ஒத்திசைவு குரோமோசோம்கள் ஜோடி சேருகின்றன. சரி, சேருகின்றன, எப்படி? மனித செல்லில் 46 இருக்கின்றன, அப்பா வழி வந்த 7-ஆம் எண் உட்கருவின் ஒரு மூலையில் கிடக்கும், அம்மா வழி வந்த 7 வேறெங்கோ கிடக்கும், நடுவில் மற்ற 44-உம் பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரிக் கலைந்து கிடக்கும். கண்ணும் இல்லை, காதும் இல்லை. யார் போய் யாரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தக் கட்டத்துக்கு முன்பே டிஎன்ஏ இரட்டித்துவிடுகிறது. அதாவது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அச்சு அசலாக அதே வரிசை கொண்ட சகோதரி குரோமாட்டிட் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தன்னைப் போன்ற ஒன்றைத் தேடுவதுதான் வேலை என்றால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? வகுப்பில் கேட்டேன், அது பாடத்திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. இங்கே யாருக்காவது தெரியுமா?

துரும்பு:

இதில் என்ன பெரிய ரகசியம்? ஏ-வும் டி-யும் சேரும், ஜி-யும் சி-யும் சேரும். இரண்டு குரோமோசோமிலும் ஒரே வரிசை இருப்பதால் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

பழைய ஆய்வகவாசி:

துரும்பு, அவ்வளவுதான் இல்லை. ஏ-டி, ஜி-சி இணைப்பு ஒரு டிஎன்ஏவின் இரண்டு இழைகளுக்கு நடுவில் ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். இரட்டைச்சுருளில் எழுத்துகள் எல்லாம் உள்பக்கம் திரும்பி ஜோடியாக இருக்கின்றன, வெளியே தெரிவது பாஸ்பேட் முதுகெலும்பு, அதுவும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டு முழு இரட்டைச்சுருள்களைப் பக்கத்தில் வைத்தால் இழுத்துக்கொள்வதைவிட ஒன்றையொன்று தள்ளவே பார்க்கும். மூடிய புத்தகத்தை இன்னொரு மூடிய புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படிக்க முடியுமா? ஒன்றையாவது திறக்க வேண்டும்.

செல் அதைத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்சம் முரட்டுத்தனமாக. லெப்டோட்டீன் சமயத்தில் ஸ்போ11 என்ற புரதம் டிஎன்ஏவை இரண்டு இழையும் சேர்த்து வெட்டுகிறது. தெரியாமல் நடக்கும் விபத்து இல்லை, திட்டமிட்ட வெட்டு. 1997-இல் ஈஸ்ட்டில் இதைக் கண்டுபிடித்தார்கள், அப்புறம் பார்த்தால் ஈஸ்ட், செடி, எலி, மனிதன் என்று எல்லா இடத்திலும் இதே புரதத்தின் சொந்தக்காரர்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். எலியின் ஒரு செல்லில் 200 முதல் 300 வெட்டுகள் வரை விழும். சாதாரண உடல் செல்லில் ஒரு சில வெட்டுகள் விழுந்தாலே அபாயச் சங்கு ஊதிப் பகுப்பை நிறுத்தப் பார்க்கும், இங்கே செல் தானே கத்தியை எடுத்துக் கொடுக்கிறது.

வெட்டு விழுந்த பிறகு நடப்பதுதான் உன் கேள்விக்குப் பதில். வெட்டிய முனையில் ஒரு இழையை மட்டும் அரித்துவிடுகிறார்கள், மற்ற இழை ஏறக்குறைய ஆயிரம் எழுத்து நீளத்துக்கு வாலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது அதன் எழுத்துகள் திறந்த எழுத்துகள். அந்த வாலின் மேல் ராட்51, டிஎம்சி1 என்ற இரண்டு புரதங்கள் வரிசையாக ஏறி உட்காருகின்றன. அப்படிப் புரதம் பூசிய வால், எதிர்ப்படும் டிஎன்ஏவை எல்லாம் கொஞ்சம் பிரித்து உள்ளே எட்டிப்பார்க்கிறது. முதலில் எட்டு எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்கும், பொருந்தாவிட்டால் உடனே விட்டுவிடும், பொருந்தினால் மூன்று மூன்று எழுத்தாக மேலே தொடரும். எட்டு எழுத்தில் 65,536 விதமான வரிசைகள் சாத்தியம், மனித டிஎன்ஏவின் ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்து, வகுத்துப் பாருங்கள், எந்த எட்டெழுத்தும் தற்செயலாகவே 45 ஆயிரம் இடங்களில் அகப்படும். அதனால் எட்டு எழுத்துப் பொருத்தம் வெறும் முதல் வடிகட்டல்தான். நீளமாகப் பொருந்தினால்தான் வால் உள்ளே நுழைந்து பிடித்துக்கொள்ளும், தப்பாக நுழைந்ததைப் பிரித்துவிடுவதற்கென்றே வேறு புரதங்கள் காத்திருக்கின்றன.

ஆக, குரோமோசோம் தன் ஜோடியை முழு உருவமாகப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. தன் உடம்பில் ஆங்காங்கே காயம் பண்ணிக்கொண்டு, அந்தக் காயத்தை ஆற்ற எங்கே மாதிரி கிடைக்கும் என்று தேடுகிறது, தேடிய இடத்தில் ஜோடி அகப்படுகிறது. புத்தகங்கள் ஜைகோட்டீனில் ஜோடி சேர்ந்த பிறகு பாக்கிட்டீனில் குறுக்கேற்றம், அதாவது ஜோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடக்கிறது என்று எழுதி இரண்டையும் தனித்தனி நிகழ்ச்சியாகக் காட்டிவிடுகின்றன. உண்மையில் குறுக்கேற்றத்துக்கான வெட்டு ஜோடி சேர்வதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. அந்த வெட்டுதான் ஜோடியையே சேர்த்து வைக்கிறது. ஸ்போ11 இல்லாத எலியை உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள், குரோமோசோம்கள் தங்கள் ஜோடியோடு சரியாகச் சேரவில்லை, எலி மலடாகிவிட்டது.

கேள்விக்குறி:

ரொம்ப நன்றி, இவ்வளவு நாள் நான் வரிசையைத் தலைகீழாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். ஆனால் சகோதரி கேள்வி அப்படியே நிற்கிறதே? வெட்டுப்பட்ட வால் மாதிரி தேடுகிறது என்றால் பக்கத்திலேயே நூற்றுக்கு நூறு பொருந்தும் சகோதரி இருக்கிறதே. அதோடு இன்னொன்று, வாலின் நீளம் வெறும் ஆயிரம் எழுத்து, உட்கருவோ அதற்குக் கடல் மாதிரி. தற்செயலாக மோதித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எவ்வளவு காலம் ஆகும்?

பழைய ஆய்வகவாசி:

நல்ல கேள்விகள். முதலாவதில் ஆராய்ச்சிக்காரர்களே ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

சாதாரண செல்லில் நீ சொன்னதுதான் நடக்கும், வெட்டு விழுந்தால் சகோதரியை மாதிரியாக வைத்து ஓசைப்படாமல் சரிசெய்துவிடும். குன்றல் பகுப்பில் அதற்கு ஒரு தடை போட்டிருக்கிறது. இரண்டு சகோதரி குரோமாட்டிடுகளும் தனித்தனியாக மிதப்பதில்லை, நடுவில் ஒரு புரதத் தண்டு ஓடுகிறது, டிஎன்ஏ அந்தத் தண்டிலிருந்து வளையம் வளையமாகத் தொங்குகிறது. அந்தத் தண்டில் இருக்கும் சில புரதங்கள், வெட்டு விழுந்ததும் அதைச் சுற்றி 'சகோதரி பக்கம் போகாதே' என்று ஒரு வேலி போடுகின்றன. ஈஸ்ட்டில் அந்த வேலியைப் பார்த்துக்கொள்வது மெக்1 என்ற நொதி. அதை எடுத்துவிட்டால் வால்கள் உடனே சகோதரியிடம் போய்விடுகின்றன, ஜோடியைத் தேடும் வேலை படுத்துவிடுகிறது. முழுத் தடை என்று நினைக்க வேண்டாம், இயல்பான செல்லிலும் கொஞ்சம் சகோதரி பக்கம் போகத்தான் செய்யும். சாய்மானம் ஜோடிப் பக்கம் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செல் மோதலுக்காகச் சும்மா காத்துக்கொண்டிருப்பதில்லை, பிடித்துக் குலுக்குகிறது. குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர்கள் உட்கரு உறையின் உள்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உறையைத் துளைத்துக்கொண்டு ஒரு புரதப் பாலம் நிற்கிறது, உள்முனை டெலோமியரைப் பிடித்திருக்கும், வெளிமுனை செல்லின் நுண்குழல்களில் நடக்கும் டைனீன் மோட்டாரைப் பிடித்திருக்கும். மோட்டார் நடக்க நடக்க உறைக்கு உள்ளே இருக்கும் குரோமோசோம் நுனி இழுபடுகிறது. பிறகு நுனிகள் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்துவிடும், பார்ப்பதற்குக் கையில் பிடித்த பூங்கொத்தின் காம்புகள் மாதிரி இருக்கும். 46 நுனியும் தாறுமாறாகக் கிடக்கும் அறையை ஒரு மூலையாகச் சுருக்கிவிட்டால் தேட வேண்டிய இடம் எவ்வளவு குறைகிறது பாருங்கள். (46 என்றது தப்பு. குரோமோசோமுக்கு இரண்டு நுனி, ஆக 92.)

பிளவு ஈஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதில் இது உச்சம். உட்கரு முழுவதுமே செல்லின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுக்கப்பட்டு, திரும்ப இழுக்கப்பட்டு, மணிக்கணக்கில் ஊஞ்சலாடும். நீண்டு போய்க் குதிரை வால் மாதிரி ஆகிவிடுவதால் அதற்குக் குதிரைவால் அசைவு என்றே பெயர். இந்தக் குலுக்கலுக்கு இன்னொரு பயனும் உண்டு என்பது என் கருத்து, பலரும் சொல்வதுதான்: தப்பான ஜோடி லேசாக ஒட்டியிருந்தால் இழுக்கிற இழுப்பில் பிரிந்துவிடும், சரியான ஜோடி பல இடத்தில் பிடித்திருப்பதால் தாங்கும். 200 வெட்டு எதற்கு என்பதும் இதில் புரியும். ஒரு இடத்துப் பொருத்தத்தை நம்ப முடியாது, நீளவாக்கில் பத்து இடத்தில் பொருந்தினால் அது ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். அத்தனை வெட்டில் எலியில் குறுக்கேற்றமாக முடிவது 25-க்குப் பக்கம்தான். மீதி எல்லாம் தேடிப் பார்த்துவிட்டுத் தழும்பில்லாமல் மூடப்படுபவை.

துரும்பு:

சரி, ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். அப்போது இந்த சினாப்டினிமல் தொகுப்பு, ஜிப் மாதிரி படம் போடுவார்களே, அது என்ன செய்கிறது? அதுதான் ஜோடியைச் சேர்க்கிறது என்று படித்த ஞாபகம்.

பழைய ஆய்வகவாசி:

அது சேர்ந்ததைப் பூட்டுகிறது. 1956-இல் நன்னீர் நண்டு வகை ஒன்றின் விந்துத் தாய்செல்லில் மோசஸ் என்பவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதலில் பார்த்தார். இரண்டு ஒத்திசைவு குரோமோசோம்களின் தண்டுகளும் சுமார் 100 நானோமீட்டர் இடைவெளியில் தண்டவாளம் மாதிரி இணையாக ஓடும், நடுவில் குறுக்குக் கட்டைகள். ஆனால் ஜிப்புக்குப் படிக்கத் தெரியாது. மக்காச்சோளத்தில் ஒத்த பகுதி இல்லாத இடங்கள்கூட நெருக்கமாக ஒட்டிக்கொள்வதை 1933-லேயே மெக்லின்டாக் என்ற மரபியலாளர் காட்டிவிட்டார். சரியானவரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, கண்டுபிடித்த பிறகு நெடுக இறுக்கிப் பூட்டுவது இன்னொரு வேலை. ஒன்றுக்கு ஜோடி சேர்தல், மற்றதற்கு சினாப்சிஸ் என்று தனித்தனிப் பெயர் வைத்துப் படித்தால் பாதிக் குழப்பம் போய்விடும். பாடப்புத்தகம் இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பியதுதான் தொல்லை.

வரிசையைப் பார்த்துத்தான் சேருகின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று சொல்கிறேன். ஒரு குரோமோசோமின் நடுவில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கிறது, அதன் ஜோடியில் சாதாரணமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் படுத்தால் அந்தத் துண்டில் எழுத்து பொருந்தாது. பாக்கிட்டீனில் பார்த்தால் ஒன்று முறுக்கிக்கொண்டு ஒரு வளையம் போடும், வளையத்துக்குள் இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தியிருக்கும். வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சேர்வதாக இருந்தால் இந்த வளையத்துக்கு அவசியமே இல்லை.

நிலாமுற்றம்:

இதுவரை சொன்னது எல்லாம் சரி, ஆனால் எல்லா உயிரிலும் இப்படித்தான் என்று யாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். நான் சி. எலிகன்ஸ் உருளைப்புழுவோடு சில வருடம் மல்லுக்கட்டியவள். அதில் ஸ்போ11-ஐ எடுத்துவிட்டாலும் ஜோடி சேரும், ஜிப்பும் பூட்டும், குறுக்கேற்றம் மட்டும்தான் நடக்காது. வெட்டே இல்லாமல் எப்படி என்றால், ஒவ்வொரு குரோமோசோமின் ஒரு முனைப் பக்கம் ஜோடி சேர்வதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, அங்கே திரும்பத் திரும்ப வரும் குறுகிய வரிசைகள், அவற்றின் மேல் துத்தநாக விரல் புரதங்கள் வந்து உட்காரும். பெயர்ப்பலகை மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. புழுவுக்கு ஆறு வகைக் குரோமோசோம், பெயர்ப்பலகைப் புரதமோ நான்குதான். எக்ஸுக்கு ஒன்று, ஐந்தாம் எண்ணுக்கு ஒன்று, அப்புறம் இரண்டும் மூன்றும் ஒரே புரதத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒன்றும் நான்கும் இன்னொன்றை. அப்படியென்றால் இரண்டாவது போய் மூன்றாவதோடு சேர்ந்துவிடாதா? சேருவதில்லை. ஆகவே பலகை மட்டும் போதாது, அதற்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் நடக்கிறது.

ஆண் பழ ஈ இன்னும் விசித்திரம். அதற்குக் குறுக்கேற்றமே கிடையாது, சினாப்டினிமல் தொகுப்பும் கிடையாது, ஆனாலும் ஜோடிகள் ஒழுங்காகப் பிரிகின்றன. எக்ஸும் ஒய்யும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் பகுதியைப் பிடித்துக்கொண்டு சேர்கின்றன.

கேள்விக்குறி:

அடடா, அப்படியானால் மனிதனில் எக்ஸும் ஒய்யும் எப்படி? ஒன்று பெரியது, ஒன்று சிறியது, வரிசையும் வேறு என்றுதானே படிக்கிறோம். அப்புறம் கோவேறு கழுதை மலடாக இருப்பதற்கும் இதுதான் காரணமா?

பழைய ஆய்வகவாசி:

மனிதனில் எக்ஸும் ஒய்யும் முழுக்க வேறு இல்லை, நுனியில் சுமார் 27 லட்சம் எழுத்து நீளத்துக்கு இரண்டிலும் ஒரே வரிசை இருக்கிறது. எக்ஸின் மொத்த நீளம் 15 கோடிக்கும் மேல் என்பதை வைத்துப் பார்த்தால் அது விரல் நுனி. அந்த நுனிக்குள்தான் ஒரு குறுக்கேற்றம் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் பிடிமானம் இல்லாமல் ஒரே பக்கம் போகலாம். குறுக்கேற்றம் பரம்பரையில் கலவை உண்டாக்கத்தான் என்று படித்திருப்பீர்கள், அது பாதி உண்மை. முதல் பகுப்பில் ஜோடியைக் கதிர்கோல் நடுவில் நிறுத்தி இரண்டு துருவமும் எதிரெதிராக இழுக்கும்போது, குறுக்கேற்றம் நடந்த இடத்தில் விழும் கயாஸ்மா என்ற முடிச்சுதான் இழுவிசையைத் தாங்கிச் சரியாக நிறுத்துகிறது.

முடிச்சு நீண்ட நாள் தாங்க வேண்டியிருப்பதுதான் பெண்களில் பிரச்சினை. பெண் சிசு கருவில் இருக்கும்போதே அதன் முட்டைத் தாய்செல்களில் ஜோடி சேர்ந்து குறுக்கேற்றமும் முடிந்து, டிப்ளோட்டீனில் அப்படியே நின்றுவிடும். மீதி வேலை அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான், சில முட்டைக்கு அது 40 வருடம் கழித்து. சகோதரிகளை ஒட்டி வைத்திருக்கும் கொஹீசின் வளையம் தேய்ந்துகொண்டே வரும், வளையம் நழுவினால் முடிச்சும் நழுவும். தாயின் வயது கூடக்கூட 21-ஆம் குரோமோசோம் மூன்றாகிவிடும் வாய்ப்பு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோவேறு கழுதைக்குக் குதிரையிடமிருந்து 32, கழுதையிடமிருந்து 31, மொத்தம் 63. ஒற்றைப்படை என்பதால்தான் மலடு என்று சொல்லிவிட்டு நிறுத்துவார்கள், எனக்கு அது போதாது. எண்ணிக்கையைவிட, இரண்டு இனத்திலும் துண்டுகள் இடம் மாறி, வெட்டி ஒட்டிக் கிடப்பதுதான் பெரிய சிக்கல், ஒன்றின் பாதி ஒருவரோடும் மறு பாதி வேறொருவரோடும் பொருந்தும். ஜோடி சேராத பகுதிகள் மிஞ்சினால் செல் பாக்கிட்டீனிலேயே நிறுத்தி அழித்துவிடும், விந்து வரை போகவே விடாது.

வெட்டுக்கிளி:

இவ்வளவு பேசியாயிற்று, யாராவது கண்ணால் பார்த்தீர்களா? நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆண் வெட்டுக்கிளியின் விந்தகத்தை அசிட்டோ கார்மைன் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடி வில்லை போட்டுக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் ஒரு மயிரிழை நழுவினாலும் எல்லாம் உருண்டுபோய்விடும், எனக்கு முதல் ஏழெட்டு வீணாகிப்போனது. பாக்கிட்டீனில் கம்பளி நூல் மாதிரி தடித்த இழைகள் தெரியும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர முயன்றால் கண் வலிக்கும். டிப்ளோட்டீன் தாண்டிப் பாருங்கள், அங்கேதான் அழகு. ஒரு முடிச்சு உள்ளவை சிலுவை மாதிரி, இரண்டு முடிச்சு உள்ளவை வளையம் மாதிரி, மூன்று இருந்தால் எட்டு வடிவம்கூட வரும். 11 ஜோடியையும் விரல் விட்டு எண்ணலாம். ஜோடிகள் பிரிய முயல்வதும் முடிச்சு விடாமல் பிடித்திருப்பதும் ஒரே பார்வையில் தெரியும்.

அதே செல்லில் ஒரு ஓரமாக, ஆரம்பத்திலிருந்தே மற்றவற்றைவிடக் கருப்பாகச் சாயம் ஏறிய ஒரு கட்டி தனியாகக் கிடக்கும். முதல் நாள் அதை அழுக்கு என்று நினைத்து வில்லையைத் துடைத்தேன். அதுதான் எக்ஸ். ஆண் வெட்டுக்கிளிக்கு 23 குரோமோசோம், ஒய் கிடையாது.

கேள்விக்குறி:

ஜோடியே இல்லையென்றால் அந்த எக்ஸ் என்ன ஆகும்? செல் நிறுத்தி அழித்துவிட வேண்டுமே?

வெட்டுக்கிளி:

அதற்கு மட்டும் விலக்கு. சுருங்கி இறுகிக் கட்டியாகக் கிடப்பதாலோ என்னவோ, காவல்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. முதல் பகுப்பில் ஏதோ ஒரு துருவத்தோடு தனியாகப் போய்ச் சேரும். வில்லையில் அனாபேஸ் செல், அதாவது குரோமோசோம்கள் இரு துருவத்துக்கும் பிரிந்து போகும் கட்டத்தில் உள்ள செல், கிடைத்தால் ஒரு பக்கம் 12, மறு பக்கம் 11 என்று எண்ணிப் பாருங்கள். 12 உள்ள விந்து சேர்ந்தால் பெண் பிறக்கும், 11 என்றால் ஆண்.